சீல் உடையாத பெட்டி

2021 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், 'சூப்பர் மாரியோ 64' என்ற வீடியோ கேம் ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் 11 கோடி ரூபாய்க்கும் மேல். நின்டெண்டோ நிறுவனம் 1996-ல் வெளியிட்ட விளையாட்டு அது. அரிய பொருள் இல்லை; உலகெங்கும் ஒரு கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றிருக்கின்றன. யாரோ விளையாடி முடித்த பழைய பிரதியைச் சில ஆயிரம் ரூபாய்க்கு இன்றும் வாங்கிவிடலாம். அந்த ஒரு பிரதிக்கு மட்டும் ஏன் அவ்வளவு விலை? அதை யாரும் திறக்கவில்லை. கடையில் இருந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருந்தது. மதிப்பிடுபவர்கள் உறையைச் சோதித்தார்கள், மூலைகள் மழுங்கியிருக்கின்றனவா என்று பார்த்தார்கள், மதிப்பெண் போட்டார்கள், பிறகு இன்னொரு பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். விளையாடுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள், ஒருமுறைகூட விளையாடப்படாத காரணத்தால் உச்ச விலையைத் தொட்டது.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. தொடப்படாதது உயர்ந்தது, தொடப்பட்டது தாழ்ந்தது என்ற அளவுகோலைக் கற்பு என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக நம்மீது வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பெண்ணையும் பொருளையும் ஒன்றாக்க இதைச் சொல்லவில்லை. பொருளுக்கு வலி இல்லை, விருப்பம் இல்லை, மறுக்கும் உரிமையும் இல்லை. ஆனால் பொருளை மதிப்பிடும் கண்ணும் பெண்ணை மதிப்பிடும் கண்ணும் பல நேரங்களில் ஒரே பள்ளியில் படித்தவை. அதனால் ஒரு கேள்வியைப் பொருளிடமிருந்தே தொடங்கலாம் என்று தோன்றுகிறது. திறக்காமல் வைப்பது உண்மையில் எதையாவது காப்பாற்றுகிறதா? இதற்கான விடை, பழைய வீடியோ கேம் கருவிகளைத் திறந்து பழுதுபார்ப்பவர்களின் மேசையில் இருக்கிறது.

1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ 'ஃபேமிகாம்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதைப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள்தான் 1990களில் 'டிவி கேம்' என்ற பெயரில் நம் வீடுகளுக்கு வந்தன. அதில் செருகும் கார்ட்ரிட்ஜை நாம் கேசட் என்றோம். இங்கும் அப்படியே சொல்கிறேன். படம் வராவிட்டால் பிள்ளைகள் கேசட்டை உருவி, வாயால் ஊதி, மறுபடி செருகுவார்கள். பெரும்பாலும் படம் வந்துவிடும். ஊதியதால் அல்ல, உருவித் திரும்பச் செருகியதால். மூச்சில் உள்ள ஈரம் அந்த உலோகப் பற்களை மெல்ல அரிக்கத்தான் செய்யும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைப்பதே சரியான வழி. பழுதுபார்க்கும் அறிவு இப்படித்தான் தொடங்குகிறது: எது வேலை செய்தது, எது வேலை செய்ததுபோல் தோன்றியது என்று பிரித்துப் பார்ப்பதில்.

இன்னும் உள்ளே போனால் கெப்பாசிட்டர்கள் இருக்கும். மின்விசிறி பழுதுபார்ப்பவர் கண்டன்சர் என்று சொல்வாரே, அதன் சின்னஞ்சிறு தங்கைகள். மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்து, சீராக விடுவது அவற்றின் வேலை. சில வகைகளுக்குள் திரவம் இருக்கும். 1990-ல் வந்த சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' என்ற கைக்கருவியில் அந்தத் திரவம் ஆண்டுகள் போகப் போகக் கசிகிறது. முதலில் திரை மங்கும், பிறகு ஒலி தேயும், கடைசியில் கருவி எழவே எழாது. கசிந்த திரவம் பலகையில் உள்ள செம்புத் தடங்களைத் தின்றுவிடும். சால்டரிங் அயர்னை வைத்துச் சூடுபடுத்தினால் மீன் வாடை வரும். அந்த வாடையை வைத்தே கசிவைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. 2001-ல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் முதல் 'எக்ஸ்பாக்ஸ்' கருவியில் கடிகாரத்துக்கென்றே ஒரு கெப்பாசிட்டர் வைத்திருந்தார்கள். அது, கருவியை ஒருமுறைகூட இயக்காமல் அலமாரியில் வைத்திருந்தாலும் கசியும். நல்ல துணியில் சுற்றி வைத்தாலும் கசியும். திறந்து அதை எடுத்துப்போட்டு, பலகையைத் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதாவது, தொடப்படாத பெட்டிக்குள் காலம் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது. வெளியே சீல் அப்படியே இருக்கும். உள்ளே பலகை அரித்துக்கொண்டிருக்கும். அதைத் தெரிந்துகொள்ளவும் முடியாது, ஏனென்றால் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் திறக்க வேண்டும், திறந்தால் விலை போய்விடும். வெளித்தோற்றம் கெடக் கூடாது என்பதற்காக உள்ளே இருப்பதை அழிய விடும் இந்த ஏற்பாட்டை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம். "வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்று மூடி வைத்த திருமணங்களுக்குள் கசிந்தது எதுவென்று நமக்குத் தெரியும்.

திறப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1987-ல் அமெரிக்காவில் வந்த 'த லெஜண்ட் ஆஃப் செல்டா' கேசட்டுக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். விளையாடுபவர் எதுவரை வந்தார் என்பதை அந்த பேட்டரிதான் நினைவில் வைத்திருக்கும். இருபது, முப்பது ஆண்டுகளில் அது செத்துப்போகும். புதிதாக வைக்க வேண்டுமென்றால் பழையதைக் கழற்ற வேண்டும். கழற்றிய கணத்தில் பழைய நினைவு மொத்தமும் அழியும். யாரோ ஒரு சிறுமி தன் பெயரை எழுதிச் சேமித்து வைத்த பயணமாக அது இருக்கலாம். அக்கறையுள்ளவர்கள் முதலில் அந்த நினைவைக் கணினியில் படியெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பேட்டரியை மாற்றி, மறுபடி உள்ளே எழுதிவிடுகிறார்கள். பழுது நீக்குவது என்றால் பழையதை இழப்பது என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. எது இழக்கப்படும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு கைவைப்பதுதான் அறம்.

யார் திறக்கலாம் என்ற கேள்வி அடுத்து வருகிறது. 1985-ல் ஃபேமிகாமை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது நின்டெண்டோ அதில் ஒரு காவல் சிப்பை வைத்தது. ஜப்பானியக் கருவியில் அது கிடையாது. கருவியில் ஒரு சிப், கேசட்டில் ஒரு சிப். இரண்டும் ஒரே தாளத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு தவறினால், வந்திருப்பது அந்நியன் என்று முடிவுகட்டி, நொடிக்கு ஒருமுறை கருவியை முதலிலிருந்து தொடங்க வைத்துவிடும். விளக்கு விட்டுவிட்டு எரியும். அனுமதி வாங்காத நிறுவனங்களின் கேசட்டுகளைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் செருகும் பற்களில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலே, சொந்தக் கேசட்டையும் இது அந்நியன் என்று விரட்டியது. சந்தேகத்தின் மேல் கட்டிய வீடு இப்படித்தான் இருக்கும். உள்ளே எல்லாம் சரியாக இருந்தாலும் வாழ விடாது.

அந்தச் சிப்பைப் பற்றி ஒரு செய்தி எனக்கு மிகப் பிடிக்கும். கருவியில் இருப்பதும் கேசட்டில் இருப்பதும் ஒரே வகைச் சிப். பூட்டாக இருப்பதா, சாவியாக இருப்பதா என்பதைத் தீர்மானிப்பது அதன் நான்காவது கால் மட்டுமே. பழுதுபார்ப்பவர்கள் அந்தக் காலைப் பலகையிலிருந்து துண்டித்துவிடுகிறார்கள். பூட்டு, தன்னைச் சாவி என்று எண்ணிக்கொள்ளத் தொடங்கும். கருவி அதன்பின் யாரையும் சந்தேகிக்காது.

பூட்டுகள் வேறு வகையிலும் உண்டு. அதே நிறுவனத்தின் பல கேசட்டுகளிலும் கருவிகளிலும், சாதாரண ஸ்குரூடிரைவரால் கழற்ற முடியாத வடிவத்தில் திருகாணி போட்டார்கள். மக்கள் பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி, திருகாணியின் தலையில் அழுத்தி, குளிரவைத்து, அதையே திருப்புளியாக்கிக்கொண்டார்கள். சட்டமும் ஒரு பூட்டுதான். அமெரிக்காவில், மின்னணுப் பூட்டைத் தாண்டுவதை 1998-ன் பதிப்புரிமைச் சட்டம் தடைசெய்கிறது. 2021-ல் ஒரு விலக்கு அளித்தார்கள்: வீடியோ கேம் கருவியின் வட்டு இயக்கி கெட்டுப்போனால் பூட்டைத் தாண்டிப் பழுதுபார்க்கலாம், ஆனால் வேலை முடிந்ததும் பூட்டைப் பழையபடி போட்டுவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் உரிமையாளர் விருந்தாளியைப்போல நுழைந்து, வந்த சுவடு தெரியாமல் வெளியேற வேண்டும். சொத்தில் பெயர் இருந்தும் சாவி கையில் இல்லாத பெண்களுக்கு இது விளங்கும்.

இதுவரை 'பழுதுபார்ப்பவர்கள்' என்று பொதுவாகச் சொன்னேன். அந்த மேசைகளில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சால்டரிங் அயர்ன் ஆணின் கைக்கருவி என்பதுபோல் ஒரு சித்திரம் நம் மனத்தில் இருக்கிறது. வரலாறு வேறு கதை சொல்கிறது. 1965 முதல் 1975 வரை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஷிப்ராக் என்ற ஊரில், ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனம் ஒரு தொழிற்சாலை நடத்தியது. நவாஹோ பழங்குடி நிலத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் மின்னணுப் பாகங்களைப் பொருத்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் நவாஹோ பெண்கள். நவாஹோ பெண்கள் நெய்யும் கம்பளத்தையும் சிப்பின் வரைபடத்தையும் ஒப்பிட்டு நிறுவனம் தன் விளம்பர ஏட்டில் பெருமை பேசியது. லிசா நகமுரா 2014-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை எடுத்துப் பேசுகிறது: அந்தப் பெண்களின் உழைப்பைக் கற்றுத் தேர்ந்த தொழில்திறனாகக் காட்டாமல், இனத்தோடு பிறந்த கலையுணர்வாகக் காட்டினார்கள். அந்தத் தொழிற்சாலை மூடிய மறு ஆண்டு, 1976-ல், அதே ஃபேர்சைல்டு நிறுவனம் 'சேனல் எஃப்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. மாற்றிச் செருகும் கேசட்டோடு வந்த முதல் வீடியோ கேம் கருவி அதுதான். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய கறுப்பினப் பொறியாளர் ஜெர்ரி லாசனின் பெயர்கூடப் பல ஆண்டுகள் கழித்தே பரவலாகப் பேசப்பட்டது. ஷிப்ராக் பெண்களின் பெயர்கள் இன்னும் நமக்கு வரவில்லை.

1981-ல் டயான் எல்சன், ரூத் பியர்சன் இருவரும் எழுதிய கட்டுரை ஒன்று பெண்ணியப் பொருளியல் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெண்களைத் தேடிப் பிடிப்பதற்குச் சொல்லும் காரணம், பெண்களின் விரல்கள் நளினமானவை, சுறுசுறுப்பானவை என்பது. அந்த விரல்கள் பிறவியில் வந்தவை அல்ல என்று அவர்கள் சுட்டினார்கள். சிறுவயதிலிருந்து தாய்மாரிடமும் மற்றப் பெண்களிடமும் தையலும் வீட்டுவேலையும் பழகிப் பெற்ற பயிற்சி அது. வீட்டுக்குள் பெற்ற பயிற்சிக்குச் சான்றிதழ் கிடையாது. ஆகவே அது திறன் இல்லை, இயல்பு. ஆகவே கூலி குறைவு. ஒரு பெண் தொழிற்சாலையில் நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை ஈயம் பற்றவைத்தால் அவளுக்கு 'நல்ல விரல்கள்'. ஓர் ஆண் ஞாயிற்றுக்கிழமை தன் அறையில் நான்கு கெப்பாசிட்டர் மாற்றினால் அவனுக்கு 'நல்ல மூளை'. இரண்டும் ஒரே செயல்.

என் மாணவி ஒருத்தி பழைய 'கேம் பாய்' ஒன்றை வாங்கினாள். 1989-ல் வந்த கைக்கருவி. பெயரிலேயே பையனை வைத்திருக்கும் கருவி. அதன் திரைக்குள் வெளிச்சம் கிடையாது. ஜன்னலோரமாகத் திருப்பித் திருப்பிப் பிடித்தால்தான் தெரியும். வெளிச்சமுள்ள புதிய திரையைத் தானே வாங்கிப் பொருத்தலாம் என்று இருந்தாள். "ஷாக் அடிக்கும், தம்பிகிட்ட குடு" என்றார்களாம் வீட்டில். அதற்குள் இருப்பது நான்கு பென்சில் பேட்டரி; மொத்தம் 6 வோல்ட். அவள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மேம், மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் நான்தான் தினமும் போடுறேன். அதுக்கு ஒருநாளும் ஷாக் அடிக்கும்னு யாரும் சொன்னதில்ல."

அவள் சிரித்துவிட்டாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. 230 வோல்ட்டில் அஞ்சாத குடும்பம் 6 வோல்ட்டில் அஞ்சுகிறது. அச்சம் மின்சாரத்தைப் பற்றியதாக இருக்க முடியாது. இயக்குவது அவளுக்கு, திறப்பது அவனுக்கு என்ற பாகப்பிரிவினை குலைவதைப் பற்றியது. உண்மையான ஆபத்துகளும் இருக்கின்றன. பழைய டப்பா டிவியின் படக்குழாய், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயர் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது. ஈயம் பற்றவைக்கும் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், வேலை முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும். எந்த ஆபத்து உண்மை, எந்த ஆபத்து நம்மைத் தள்ளி நிறுத்தச் சொல்லப்பட்டது என்று பிரித்தறிவதும் பழுதுபார்க்கும் அறிவில் சேர்த்திதான்.

அப்படியானால் எல்லாத் திறப்பும் நல்லதா? இல்லை. 1986-ல் வந்த 'மெட்ராய்டு' என்ற விளையாட்டில் நாயகர் முழுக் கவசத்தில் வருவார். ஆண் என்றே பலர் நினைத்தார்கள். விளையாட்டைப் போதிய விரைவில் முடித்தால் கவசம் கழன்று, பெண் என்று தெரியவரும். வியப்பான தருணம்தான். ஆனால் எவ்வளவு விரைவாக முடிக்கிறீர்களோ அவ்வளவு குறைவான உடையில் அவள் நிற்பாள். மிக விரைவாக முடித்தவருக்கு நீச்சலுடையில் காட்சி தருவாள். அங்கே திறப்பது பரிசு வாங்குவதற்காக. கெப்பாசிட்டர் மாற்றுபவரும் மூடியைக் கழற்றுகிறார். ஆனால் அந்தக் கருவி மறுபடி தன் வேலையைச் செய்ய வேண்டும் என்பதற்காக. திறக்கும் கை திறக்கப்படுவதன் நலனுக்கு விடைசொல்லக் கடமைப்பட்டிருக்கிறதா என்பதே இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு.

மாற்றியமைப்பதிலும் இதே கோடு ஓடுகிறது. பழைய கருவிகளின் வெளிர்ச் சாம்பல் பிளாஸ்டிக் வயதாக ஆக மஞ்சளாகிறது. தீப்பற்றாமல் இருக்க அதில் கலந்த புரோமின் சேர்மங்களை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி, வெயிலில் வைத்து வெளுக்கவைக்கும் முறை ஒன்று 2008 வாக்கில் பரவியது. வெளுக்கும், சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பிவிடுவதும் உண்டு. முகப்பூச்சு விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வெளுப்பு ஆசை எங்கோ கேட்ட குரல்போல் இருக்கும். மஞ்சளாகிய கருவி கெட்டுப்போகவில்லை, வயதாகியிருக்கிறது, அவ்வளவுதான். பழுதுக்கும் வயதுக்கும் வேறுபாடு தெரியாத கண், ஒரு பெண்ணின் நரையையும் நோயாகத்தான் பார்க்கும். வெளிச்சமில்லாத திரைக்கு வெளிச்சம் கொடுப்பது வேறு. கண்பார்வை குறைந்த ஒருவரும் அதில் விளையாட முடிகிறது. பொருளின் உலகம் விரிகிறது.

பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது அதே கருவிதானா என்று தூய்மைவாதிகள் கேட்பார்கள். பலகைகளை மாற்றி மாற்றிப் பாதுகாத்த தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று கிரேக்கர்கள் கேட்ட பழைய கேள்விதான். பெண்கள் இதற்கு நூல் பார்க்காமலே விடை சொல்வார்கள். பிரசவத்துக்குப் பின்னும், அறுவைக்குப் பின்னும், கருப்பை நீங்கிய பின்னும், திருமணம் முறிந்த பின்னும் 'நான்' என்றுதான் சொல்கிறோம். முதல் நாளின் நிலையோடு ஒத்திருப்பதால் அல்ல, நடந்ததை எல்லாம் தொடர்ந்து சுமந்து வருவதால்.

சிலப்பதிகாரத்தைக் கற்பின் காப்பியம் என்றே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் அதை நடத்தும்போது நான் வேறோர் இடத்தில் நின்றுகொள்வேன். பாண்டியன் அவையில் கண்ணகி தன் வழக்கை எப்படி வென்றாள்? சிலம்பை உடைத்து. வெளியே இரண்டும் ஒன்றுபோல் இருந்த சிலம்புகள். உள்ளே அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். சீல் உடையாமல் பாதுகாத்திருந்தால் கோவலன் கடைசிவரை கள்வன்தான். கற்பின் உருவமாக நிறுத்தப்பட்ட பெண், நீதிக்காகச் செய்த முதல் காரியம் ஒரு பொருளைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டியது.

பழைய கருவிகளைப் பழுதுபார்ப்பவர்களில் பொறுப்பானவர்களிடம் சில வழக்கங்கள் உண்டு. முடிந்தவரை பிளாஸ்டிக்கை வெட்டாமல் வேலை செய்வார்கள். கழற்றிய பழைய பாகங்களைச் சிறு பையில் போட்டு வைப்பார்கள். மூடுவதற்கு முன், எந்தத் தேதியில் எதை மாற்றினோம் என்று மூடியின் உட்புறத்தில் எழுதுவார்கள். அடுத்து யாரோ திறப்பார்கள் என்று தெரிந்து எழுதும் குறிப்பு அது. அந்த மாணவி தன் கேம் பாயின் உள்மூடியில் தேதியையும், புதிய திரை என்பதையும், தன் பெயரையும் எழுதியிருக்கிறாள். விற்கப் போனால் விலை குறையும் என்று அவள் தம்பி சொன்னானாம். விற்கப் போவதில்லை என்றாள்.